செரெஸ் ஏடு மீண்டு வந்தது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நேற்று இரவு கடைசி வரிசையும் பொருந்திவிட்டது. பிலிப்பைன்ஸின் செரெஸ் கால்பந்துக் கிளப்புக்கான ஆட்ட ஏடு (ஆடிய ஆட்டங்களை வரிசையாகப் பதிந்த பட்டியல்), 2012 முதல் 2023 வரை, மறுபடியும் ஒரே கோப்பாக நிற்கிறது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. அதைப் பற்றிப் பிறகு. போன வாரம் அந்தக் கோப்பு கையைவிட்டுப் போய், பலரிடம் துண்டு துண்டாகக் கேட்டு வாங்க வேண்டியதானது; அதைக் கிளறப்போவதில்லை. சூடு ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி பகோலோட் நகரத்துப் பெரியவர் ஒருவருக்கு. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உதவி கேட்டு நாங்கள் எழுதியவர்களின் பட்டியலிலேயே அவர் இல்லை; யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் அவர் கைக்குப் போயிருக்கிறது. எல்லாரும் ஸ்கோர் தேடி அலைந்துகொண்டிருந்தபோது அவர் அனுப்பியது ஸ்கோர் அல்ல. கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றின் படம். அதில் ஸ்கேல் வைத்துப் பிரித்த ஏழு பத்திகள். தலைப்புகள் இவை: பலகை, முதலாளி, டெப்போ, டிரைவர், சேசிஸ் நம்பர் (வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்), புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம். கட்டங்களுக்குள் ஒன்றும் எழுதவில்லை. அடியில் மட்டும் ஒரு குறிப்பு: பலகை மாறும், டிரைவர் மாறுவார், வண்டியை எண்ணுவதானால் சேசிஸ் நம்பரைப் பாருங்கள்.

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஒரு வார வேலை ஒரே ராத்திரியில் முடிந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். பகோலோடில் செரெஸ் என்றாலே மனதில் வருவது மஞ்சள் பேருந்துதான். செரெஸ் என்பது ரோமானியர்களின் பயிர்த் தெய்வம். கரும்பு விளையும் நெக்ரோஸ் தீவில் அந்தப் பெயர் ஓடுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் பேருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த லியோ ரே யான்சன் 2012இல் கிளப்பைத் தொடங்கியபோது பெயரும் மஞ்சளும் கூடவே வந்தன. ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பஸ்மென்’. ஆகவே இந்தக் கிளப்பின் வரலாற்றுக்கு ஒரு டைம் கீப்பரின் தாள் வழி காட்டியதை வேடிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

பலர் கொடுத்த துண்டுகளைச் சேர்த்தபோது சிக்கல் அங்கேதான் கிடந்தது. ஒருவர் ‘செரெஸ்’ என்று எழுதியிருந்தார், இன்னொருவர் ‘செரெஸ்–லா சால்’, மூன்றாமவர் ‘செரெஸ்–நெக்ரோஸ்’, நான்காமவர் ‘யுனைட்டெட் சிட்டி’. கோப்பைப் பெயர்வாரியாக அடுக்கியதும் ஒரு கிளப் நான்காக உடைந்தது. 2015இல் யுஎஃப்எல் (பழைய லீக்கான யுனைட்டெட் ஃபுட்பால் லீக்) பட்டம் ஒரு மூலையில். பிலிப்பைன்ஸ் கால்பந்து லீக்கின் 2017, 2018, 2019 பட்டங்கள் வேறொரு மூலையில். 2020 பட்டம் தனியாக, அப்பன் பெயர் தெரியாத பிள்ளைபோல. முன்கள ஆட்டக்காரர் பியென்வெனிடோ மரஞோனின் கோல்களும் அப்படியே பிரிந்து நின்றன. கணக்கு எதுவும் தப்பில்லை, ஆனால் கூட்டினால் வரலாறு வரவில்லை.

பெரியவரின் பத்திகளில் போட்டுப் பார்த்தால் தெளிவு. பலகைப் பத்தியில் பெயர்கள்: 2012இல் செரெஸ், இடையில் கொஞ்ச காலம் லா சால் ஒட்டு, 2017இல் புதிய லீக் வந்து ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஊரோடு நிற்க வேண்டும் என்றானதும் நெக்ரோஸ், 2020 ஜூலையில் கிளப் கைமாறியதும் யுனைட்டெட் சிட்டி. முதலாளிப் பத்தி கடைசி மாற்றத்தில்தான் அசைகிறது. டெப்போப் பத்தியில் நெடுங்காலம் பகோலோடின் பனாட் மைதானம். பிறகு லூசான் தீவில், தார்லாக் மாகாணத்தின் நியூ கிளார்க் சிட்டி. டிரைவர் என்றால் பயிற்சியாளர். 2017 முதலான பட்ட வருடங்களில் பெரும்பாலும் செர்பியரான ரிஸ்தோ விதாகோவிச். சேசிஸ் நம்பர்? லீக்கில் அந்தக் கிளப்புக்கு இருந்த இடம். யுனைட்டெட் சிட்டி புதிதாக விண்ணப்பித்து உள்ளே வந்த கிளப் அல்ல. செரெஸ் உட்கார்ந்திருந்த இருக்கையிலேயே, பழைய ஆட்டக்காரர்கள் பலரோடு உட்கார்ந்தது. ஆக நம்பர் ஒன்றே.

செய்முறையாகச் சொன்னால், பெயரைத் திறவுகோலாக வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் மாறாத எண் ஒன்றைக் கொடுத்தோம். பெயர் அந்தத் தேதிக்கு எதுவோ அதுவாகப் பலகைப் பத்தியில் மட்டும் இருக்கும். எண்ணை வைத்து அடுக்கினால் ஐந்து லீக் பட்டங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றன. பெயரை வைத்து வடிகட்டினால் ‘செரெஸ்–நெக்ரோஸ்’ காலம் மட்டும் கிடைக்கிறது. இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் திணித்ததுதான் பழைய தவறு.

இந்த முறை நிஜமாகவே சோதிக்கப்பட்டது 2020இல். அந்த ஒரே வருடத்தில் ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று: மியான்மரின் ஷான் யுனைட்டெட்டை 3–2, தாய்லாந்தின் போர்ட் கிளப்பை அவர்கள் ஊரிலேயே 1–0, பிறகு எஃப்சி டோக்கியோவிடம் 0–2. அதன்பின் ஆசியக் கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான ஏஎஃப்சி கோப்பையில் மூன்று ஆட்டங்கள், பெருந்தொற்று, போட்டியே ரத்து. இதெல்லாம் செரெஸ் பலகையில். அக்டோபரில் லீக் தொடங்கும்போது பலகை யுனைட்டெட் சிட்டி. வருடத்தை வைத்துப் பெயரை நிரப்பும் சூத்திரம் எதுவானாலும் இங்கே சறுக்கும். தேதியை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அந்த லீக்கும் சாதாரண லீக் அல்ல. ஆறு கிளப்புகள், கவீத்தே மாகாணத்தின் கார்மோனாவில் கூட்டமைப்பின் பயிற்சி மையம் ஒன்றே களம், ஆளுக்கு ஐந்து ஆட்டம், மொத்தம் 15. யாருக்கும் சொந்த மைதானம் கிடையாது. ஆனால் அட்டவணையில் இடப்பக்கம் எழுதிய பெயரைச் சொந்த ஊர் அணி என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்த வருடத்துக்கு டெப்போ எல்லாருக்கும் கார்மோனா. உள்ளூர், வெளியூர் கட்டத்தைக் காலியாக விட்டாயிற்று. பெரியவரின் தாளில் டெப்போ தனிப் பத்தியாக இல்லாவிட்டால் இது கண்ணில் பட்டே இருக்காது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். உதவி குறைவு என்பதால் அல்ல, தூக்கம் வருவதால்.

2017 ஏஎஃப்சி கோப்பை வரிசைகளைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி. மலேசியாவின் ஜோகூர் டாருல் தாக்சிமுடன் வெளியில் 2–3, உள்ளூரில் 2–1, மொத்தம் 4–4. வெளியூர் கோல் விதியால்தான் (மொத்தம் சமமானால் வெளியூரில் அதிகம் கோல் போட்டவருக்கே வெற்றி) செரெஸ் மேலே போனது என்ற குறிப்பு இல்லாமல் அந்த வரிசை அச்சுப்பிழைபோலத் தெரியும். ஆசியான் மண்டல இறுதியில் சிங்கப்பூரின் ஹோம் யுனைட்டெட்டிடம் 1–2, பிறகு பனாடில் 2–0. இதை ‘ஏஎஃப்சி கோப்பை வென்றது’ என்று எழுதியிருந்த துண்டுகளைத் திருத்தியவருக்குத் தனி வணக்கம். வென்றது மண்டலப் பட்டம். அடுத்த சுற்றில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலுடன் 1–1, பிறகு 0–4. அதே இஸ்திக்லோலிடம்தான் அதற்கடுத்த சுற்றில் நம் பெங்களூரு எஃப்சியும் விழுந்தது.

2018 ஜனவரியைச் சரிபார்த்தவர்களுக்கும். ஷான் யுனைட்டெட் ஆட்டம் 1–1, பெனால்டியில் வெற்றி. ஏட்டில் அது டிராதான், பெனால்டி முடிவு பக்கத்துக் கட்டத்தில். பெனால்டி ஷூட்டவுட்டில் போட்ட பந்துகளை ஆட்டக்காரரின் கோல் கணக்கில் சேர்த்தால் எல்லா மொத்தமும் ஊதிவிடும். பிறகு பிரிஸ்பேனுக்கே போய் பிரிஸ்பேன் ரோரை 3–2 என்று சாய்த்த அந்த 23ஆம் தேதி. அந்த வரிசையைச் சரிபார்க்க ஆறு பேர் தானாக வந்தார்கள். சீனாவின் டியான்ஜின் குவான்ஜியானிடம் 0–2 தோற்ற அடுத்த வரிசைக்கு ஒருவர்தான் வந்தார். அவருக்கு இரண்டு நன்றி.

2021இல் தாஷ்கண்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டங்களில் தேதிகள் இரட்டித்துக் கிடந்தன. காரணம் நேரம். அங்கே இரவு 9 என்றால் மணிலாவில் நள்ளிரவு 12. அதற்குமேல் தொடங்கிய ஆட்டத்தை ஒருவர் இன்றைக்கும் இன்னொருவர் நாளைக்கும் எழுதியிருந்தார்கள். மைதானம் இருக்கும் ஊரின் தேதியே செல்லும் என்று முடிவு கட்டி, பெய்ஜிங்குடனான 1–1 டிராவையும் 3–2 வெற்றியையும் ஒற்றை வரிசைகளாக்கியவர்களுக்கு நன்றி.

பெயர்களைத் தமிழில் ஒழுங்குபடுத்திய நண்பருக்கும் ஒரு வார்த்தை. ஸ்பானிய மொழியில் ‘ன’வுக்கு மேலே நெளிகோடு போட்டு எழுதும் ஒலிக்கு நம்மிடம் ஞகரம் தயாராக இருக்கிறது. மரானோன், மரன்யோன், மாரனன் என்று மூன்று ஆட்களாகத் திரிந்தவர் இப்போது மரஞோன் என்ற ஒரே ஆள். ஏஎஃப்சி கோப்பையில் அத்தனை கோல் அடித்துக் குவித்தவரை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தது நியாயமே இல்லை.

பனாட் என்பது வெறும் மைதானப் பெயர் அல்ல. பகோலோடில் பேசும் ஹிலிகாய்னோன் மொழியில் அதற்கு வாக்கு, நேர்த்திக்கடன் என்று பொருள். நேர்ந்துகொள்வதென்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே இது எங்கள் நேர்த்தி: ஏட்டுக்கு இனி மூன்று பிரதிகள், மூன்று வேறு வேறு இடங்களில், அதில் ஒன்று காகிதத்தில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டி, சுற்று, மைதான ஊரின் தேதி, மைதானம், 90 நிமிட ஸ்கோர், கூடுதல் நேரம், பெனால்டி என்று தனித்தனிக் கட்டங்கள். இரண்டு தகவல் ஒரே கட்டத்தில் கிடையாது. திருத்தம் செய்தால் பழையதை அழிக்காமல் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவது. மாதம் ஒருமுறை மூன்று பிரதிகளின் மொத்தக் கோல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்று பிசகினாலும் அன்றைக்கே தேடுவது.

இனி அந்தக் காலிக் கட்டம். 2022–23 பருவத்தின் நடுவில் யுனைட்டெட் சிட்டி லீக்கிலிருந்து விலகியது. நடுவில் விலகும் கிளப்பின் முடிவுகளைப் புள்ளிப்பட்டியலில் எப்படி வைப்பது என்பது லீக்கின் வேலை. ஆடிய ஆட்டம் ஆடியதுதான், ஏட்டில் அது இருக்கும். தாளின் கடைசிப் பத்தியான ‘வந்து சேர்ந்த நேர’த்தில் என்ன போடுவது என்பதில்தான் தகராறு. ‘கலைந்தது’ என்று சிலர், ‘முடிந்தது’ என்று சிலர். பெரியவரிடமே கேட்டோம். வண்டி டெப்போவுக்குள் வருகிறவரை டைம் கீப்பர் அந்தக் கட்டத்தில் பேனா வைக்கமாட்டார் என்று பதில் வந்தது. அப்படியே விட்டிருக்கிறோம்.

சலாமாத் கிட் (மிக்க நன்றி), ஐயா.