கல்லைச் செதுக்கியவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் கனடாவின் வடகோடிப் பழங்குடியினரான இனுயிட் மக்களில் ஒருவரான கலைஞர் கனாங்கினாக் பூட்டூகூக் (1935–2010) பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன், ஆனால் அவரை வெறும் ‘ஓவியர்’ என்று முடித்துவிட்டதில் எனக்கு வருத்தம். பாஃபின் தீவை ஒட்டிய ஒரு சிறு தீவில், இன்று கின்கைட் எனப்படும் கேப் டோர்செட்டில் 1950களின் இறுதியில் அச்சுக்கலை தொடங்கியபோதே அதில் இருந்தவர் அவர். ஒருவர் வரைந்ததை இன்னொருவர் கல்லில் செதுக்கி, மையைத் தடவி, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துக் கையால் தேய்த்து எடுப்பார்கள், அந்தச் செதுக்கும் வேலையையும் அச்சிடும் வேலையையும் அவர் மற்றவர்களுக்காகவும் செய்திருக்கிறார். அப்புறம்தான் பறவைகளும் கரிபூ மான்களும் வேட்டைக்காரர்களுமாக அவருடைய சொந்தப் படங்கள் பெயர் பெற்றன. அந்த ஊர்க் கலைஞர்களின் கூட்டுறவுச் சங்கத்தை வளர்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

டொராண்டோவில் ஒரு கண்காட்சியில் இந்த அச்சுப் படங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். படத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன முத்திரைகள், வரைந்தவருக்கு ஒன்று, அச்சிட்டவருக்கு ஒன்று, சங்கத்துக்குச் சிவப்பில் ஓர் இக்லூ, அதாவது பனிக்கட்டி வீடு. அவர்களே இவ்வளவு கவனமாகப் பதித்து வைத்திருப்பதை நாம் ஏன் விட வேண்டும்? இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது கல்லைச் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களையும் படத்தின் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகர், ஸ்கார்பரோ