லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு: தானியங்கி விடுவிப்பை அரைகுறையாக ஏற்காதீர்கள்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு வணக்கம்.

2023-இல் வெளியான லினக்ஸ் 6.5 பதிப்பில் கெர்னல் நிரலாளர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா கொண்டுவந்து சேர்த்த கிளீனப் (தானியங்கி விடுவிப்பு) வசதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் சி நிரலுக்கு நெடுநாள் கழித்துக் கிடைத்த நல்ல கருவி. ஒரு மாறி தன் எல்லையைவிட்டு வெளியேறும்போது அது பிடித்திருந்த நினைவகம், பூட்டு போன்றவற்றின் விடுவிப்பை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே செய்துவிடுகிறது. பிழை நேர்ந்தால் வெளியேறும் ஒவ்வொரு பிழை வழிக்கும் ஒரு கோட்டூ (குறித்த இடத்துக்குத் தாவும் கட்டளை) லேபிள் வைத்து, புதிய வளம் ஒன்று சேரும்போதெல்லாம் அந்த வரிசையைத் திருத்தி, எங்கோ ஒரு வழியில் மட்டும் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீயை மறந்து நினைவகக் கசிவுக்கு இடம்கொடுக்கும் நிலை இதனால் பெருமளவு குறைகிறது. அந்த வழிகள் சோதனையில் அரிதாகவே ஓடுவதால், அங்கே பதுங்கும் பிழை எளிதில் கண்ணில் படாது. எனவே இந்த வசதியை எதிர்த்து நான் எழுதவில்லை. இதைப் பயன்படுத்தி வரும் பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) சரிபார்ப்பதில் நீங்கள் இன்னும் கண்டிப்பு காட்ட வேண்டுமென்று கேட்கவே எழுதுகிறேன்.

எனக்குப் பெரிய கவலை தருவது, பாயிண்டரை (நினைவக முகவரியைத் தாங்கும் மாறியை) ஃபங்ஷனின் தொடக்கத்தில் நல் (வெற்று) என்று அறிவித்துவிட்டு, பிறகு எங்கோ மதிப்புக் கொடுக்கும் பழக்கம். மாறிகள் அறிவிக்கப்பட்ட வரிசைக்கு நேர்மாறாகவே விடுவிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் பாயிண்டரை அறிவித்து, அடுத்து எல்லை முடிந்ததும் தானே பூட்டைத் திறக்கும் கார்டு மூலம் ஒரு மியூட்டெக்ஸை (ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளேவிடும் பூட்டை) பூட்டி, பூட்டியபின் ஒரு பொருளைப் பட்டியலில் சேர்த்து அந்தப் பாயிண்டருக்குக் கொடுத்தால், வெளியேறும்போது முதலில் பூட்டு திறந்துகொள்ளும். அதன்பிறகுதான் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பூட்டின் காவலில் நடக்க வேண்டிய வேலை காவலின்றி நடக்கிறது, ஆனால் நிரலைப் படிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது. உங்கள் ஆவணமே இதை எடுத்துக்காட்டுடன் எச்சரித்தும் பழக்கம் விடவில்லை. மாறிகளைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டுமென்று வற்புறுத்திய கம்பைலர் எச்சரிக்கையும் அதே 6.5-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே வளத்தைப் பெறும் இடத்திலேயே மாறியை அறிவித்து மதிப்புக் கொடுக்காத பேட்ச்சைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் கிளீனப்பையும் கலப்பதையும் அனுமதிக்காதீர்கள். இன்னும் தொடக்க மதிப்புப் பெறாத மாறியைத் தாண்டிக் கோட்டூ குதித்தால், விடுவிப்பு குப்பை மதிப்பின்மேல் ஓடும். கிளாங் என்ற கம்பைலர் இதைப் பிழையென்று நிறுத்திவிடுகிறது. ஜிசிசி என்ற கம்பைலர் பொதுவாக விட்டுவிடுகிறது.

நெட்வொர்க்கிங் பிரிவினர் டிரைவர்களில் (வன்பொருளை இயக்கும் நிரல்களில்) இவ்வசதியின் நேரடிப் பயன்பாட்டை ஊக்குவிப்பதில்லை. அவர்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் புதிய நிரலுக்கு இந்தக் கதவை முழுவதும் அடைப்பது சரியென்று தோன்றவில்லை. பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடும் பழைய டிரைவர்களின் கதை வேறு. அவற்றை மொத்தமாக மாற்றும் பேட்ச் வந்தால், அனுப்பியவர் அந்த வன்பொருளில் ஓட்டிப் பார்த்தாரா, பிழை வழிகளை வேண்டுமென்றே தூண்டிச் சோதித்தாரா என்று கேளுங்கள். விடை ‘இல்லை’ என்றால் பழைய கோட்டூவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
டிரைவர் நிரல் எழுதுவோரில் ஒருவர்