அண்ணாவுக்கு, நீங்கள் வாசிக்காமல் விட்ட பக்கங்களைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

உங்கள் அம்மாவிடம், என் சின்னம்மாவிடம், சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்லத் தொடங்கிய அதே சொற்களில்தான் சொன்னேன். நீங்கள் பாதியில் அழைப்பைத் துண்டித்தீர்கள். அவர் கடைசிவரை கேட்டார்.

அதன் பிறகு பதினொரு நாட்களாக நீங்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆனால் நான் இங்கே எழுதுவதையெல்லாம் வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நாலுபேர் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன். பார்ப்பவர்களில் ஊர்ச்சனமும் இருக்கும், வேறு ஆட்களும் இருப்பார்கள். சில இடங்களில் நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். அந்த மனிதருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். தம்பியை ஒரு முகாமில் கண்டேன் என்று அவர் சொன்னது பொய். அதைப் பொய் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். மிஞ்சியிருந்த சங்கிலியையும் சின்னம்மா அடகு வைக்கப் போகிறார் என்று அறிந்த இரவு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் எனக்கு முள்ளிவாய்க்கால் முன்னால் வருவதில்லை, அண்ணா. வட்டக்கச்சி வீட்டு விறாந்தைதான் வருகிறது. 2004. போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். அரிக்கன் லாம்பு, அதைச் சுற்றும் பூச்சிகள், உங்கள் மடியில் அந்தத் தடித்த புத்தகம். ஹாரி பொட்டர் தொடரின் நான்காவது. அட்டையில் நெருப்புக் கக்கும் நாகத்தின் முன்னால் அந்தக் கண்ணாடிச் சிறுவன். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஒன்பது. நீங்கள் ஒரு பத்தியைக் கண்ணால் ஓட்டிவிட்டு எங்களுக்குத் தமிழில் சொல்வீர்கள். நீருக்குள் மூச்சுவிட ஹாரி தின்னும் செடிக்குச் ‘செவுள்பாசி’ என்று பெயர் வைத்தீர்கள். தொட்டவுடன் ஆளை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லும் மந்திரப் பொருளுக்குக் ‘காவுபொருள்’ என்றீர்கள். காவு என்ற சொல்லுக்குச் சுமத்தல் என்ற ஒரு பொருள் மட்டுமே அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஹாரி படிக்கும் ஹொக்வார்ட்ஸ் பள்ளியின் ஏரி எங்கள் இருவருக்கும் இரணைமடுக் குளமாகத்தான் இருந்தது. மந்திரப் போட்டியின் இரண்டாவது சோதனையில் ஏரியின் அடியில் நான்கு பேரைக் கட்டிவைத்திருப்பார்கள். போட்டியாளர் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்துக்குள் தனக்குரியவரை மீட்டு வர வேண்டும். ஹாரி முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிடுவான். ஆனால் இன்னொரு போட்டியாளரான ஃப்ளூரின் குட்டித் தங்கையை மீட்க யாரும் வராததால் அங்கேயே காத்து நின்று, அவளையும் தன் நண்பனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேரம் கடந்து மேலே வருவான். தம்பிக்கு அது பிடிபடவில்லை. “கூட்டாளியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் வென்றிருப்பானே?” என்று கேட்டான். நீங்கள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்: “விட்டுவிட்டு வர அவனுக்கு மனம் வரவில்லை.”

அந்த ஒரு வரி என்னோடு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

பிறகு அந்தக் கடைசி இரவு. மூன்றாவது சோதனை, பச்சை வேலிகளால் ஆன சிக்குப்பாதை. ஹாரியும், அவன் பள்ளியின் மூத்த போட்டியாளன் செட்ரிக்கும் பரிசுக் கிண்ணத்தின் முன்னால் நிற்கிறார்கள். நீ எடு, இல்லை, நீ எடு என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். அடுப்படியில் சின்னம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கதவடியில் வந்து நின்றார். இருவரும் சேர்ந்தே எடுப்போம் என்று ஹாரி சொல்கிறான். எடுக்கிறார்கள். நீங்கள் பக்கத்தைப் புரட்டினீர்கள். வாசித்தீர்கள். மறுபடி புரட்டினீர்கள். லாம்பின் திரியைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்கினீர்கள். பிறகு சொன்னீர்கள்: “கிண்ணம் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்து சனத்துக்கு முன்னால் விட்டது. பரிசை ஆளுக்குப் பாதி பிரித்துக் கொடுத்தார்கள். கதை முடிந்தது.”

புத்தகத்தில் இன்னும் அவ்வளவு பக்கம் கிடந்தது. உங்கள் சுட்டுவிரல் அதற்குள் இருந்தது. நான் கண்டேன். கேட்கவில்லை.

அன்றிலிருந்து தம்பி செட்ரிக் ஆனான். வாய்க்கால் கட்டில் விளையாடும்போது ஹாரியாக இருக்கச் சொன்னாலும் மாட்டான். நாகத்தைப் பற்றி ஹாரி எச்சரித்ததற்குப் பதிலாக, பொன் முட்டையின் புதிரை அவிழ்க்கச் செட்ரிக் வழி காட்டுவான் அல்லவா? அது தம்பிக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அவன் கடன் வைக்காத ஆள்” என்று பெரிய மனிதரைப்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சாகப்போகிறவனின் பெயரைத் தன் தம்பி எடுத்துக்கொண்டதை அறிந்தும் ஒரு சொல் சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் பயணம் போகும்போது அந்தப் புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டீர்கள்.

உண்மையான முடிவை நான் 2013இல், யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்தில், இறாக்கைக்கு முன்னால் நின்றபடியே வாசித்தேன். முப்பத்திரண்டாம் அத்தியாயம். கிண்ணம் அவர்களைக் கொண்டுபோய் ஒரு மயானத்தில் போடுகிறது. செட்ரிக்கைக் கொல்லச் சொல்லும் குரல் அவன் பெயரைக்கூடக் கேட்பதில்லை. தேவைக்கு மேலதிகமாக வந்த ஒருவன், அவ்வளவுதான். ஒரு பச்சை வெளிச்சம். அதன் பிறகு, கொல்லச் சொன்ன வோல்டமோர்ட்டின் மந்திரக்கோலிலிருந்து நிழலாக வெளிப்பட்டு ஹாரியிடம் செட்ரிக் கேட்பது ஒன்றே ஒன்று. என் உடலைத் தாய் தகப்பனிடம் கொண்டுபோ. ஹாரி கொண்டுபோகிறான். மந்திரங்கள் நாலாபுறமும் பறக்க, செத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தன்னிடம் வரவழைத்துக் கொண்டுபோகிறான். திரும்பி வந்து புல்லில் விழுந்த பிறகும் பிடியை விடவில்லை.

அவனுக்குப் பதினான்கு வயது, அண்ணா. 2009இல் தம்பிக்கும் பதினான்கு. எனக்குப் பதினாறு.

நீங்கள் கேட்காத பகுதி இதுதான். ஏப்ரல் 20இல் புதுமாத்தளனில் போர்முனையிலிருந்து சனம் உடைத்துக்கொண்டு வெளியே போனபோது சின்னம்மா ஒரு பக்கமானதும், அம்மம்மாவோடு நாங்கள் இருவரும் மறுபக்கம் மாட்டிக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் ஒரு நாள். திகதி எனக்குத் தெரியும், இங்கே போட மாட்டேன். கஞ்சி கொடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். தம்பி பதுங்குகுழியை விட்டு வர மாட்டேன் என்றான். நான்தான் கூப்பிட்டேன். “இரண்டு பேராகப் போனால் இரண்டு பாத்திரம் கிடைக்கும், வா” என்றேன். வந்தான். எறிகணை விழுந்தபோது அவன் கை என் கையில் இருந்தது. பிறகும் இருந்தது. அதில் உயிர் மட்டும் இல்லை.

நான் அவனைத் தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. பதுங்குகுழியில் நடக்க மாட்டாத அம்மம்மா தனியே கிடந்தார். எல்லோரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவரைத்தான் சுமக்கலாம் என்றால் உயிரோடு இருப்பவரைத்தானே சுமக்க வேண்டும்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லுங்கள். சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் அங்கே இருக்கவில்லை. ஒரு தறப்பாள் துண்டை இழுத்து அவன்மேல் மூடினேன். காற்றுக்கு விலகாதபடி சேலையில் தைத்த மண்மூடை ஒன்றை ஓரத்தில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியை அந்த மணலில் விட்டுவிட்டு வந்தவள் நான்.

எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனாலும் உங்களை நினைக்க எரிச்சலும் வருகிறது. ஒவ்வொரு மே மாதமும் முகப்புத்தகத்தில் விளக்குப் படம் போடுகிறீர்கள். அந்த விளக்கில் உங்கள் தம்பியும் இருக்கிறான் என்று அறியாமல் போட்டீர்கள். அது என்னுடைய பிழைதான். ஆனால் இப்போது அறிந்தும் உங்கள் அம்மாவோடு பேசாமல் இருக்கிறீர்களே, அது யாருடைய பிழை?

செட்டிகுளம் முகாமில் சின்னம்மா எங்களைக் கண்டுபிடித்தபோது எங்களுக்கு இடையில் கம்பிவேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முதலில் கேட்டது, “தம்பி எங்கே?” என்றுதான். “கூட்டத்தில் கை விட்டுப்போய்விட்டது” என்றேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்துச் சொன்னேன். தாயில்லாத என்னைத் தன் பிள்ளையாக வளர்த்தவர், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்துக்கு வேறு எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. அம்மம்மாவும் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே கண்ணை மூடினார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது சின்னம்மாவும் தம்பியின் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்தார். அந்தப் படத்தைப் பெருப்பித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தவள் நான்.

இந்த இடத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் பொய்யை எடுத்துக்கொண்டு, அந்தத் தாய்மார் கேட்பதெல்லாம் இப்படித்தான் என்று யாரும் பேச வேண்டாம். தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகளை, தங்கள் கண்முன்னால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோன பிள்ளைகளைக் கேட்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. என் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

கதைக்குத் திரும்புகிறேன், அங்கே கொஞ்சம் மூச்சுவிடலாம். சாவு கூடிவிட்டது என்று அந்தப் போட்டியை நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு, பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துவிட்டோம் என்று சொல்லித்தான் மறுபடி தொடங்கினார்கள். பதினேழு வயதுக்குக் குறைந்தவர்கள் நெருங்க முடியாதபடி போட்டியாளரின் பெயரைத் தேர்ந்தெடுக்கும் நெருப்புக் கிண்ணத்தைச் சுற்றித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் கோடு கீறுவார். அப்படியிருந்தும் ஹாரியின் பெயர் வெளியே வரும். போட்டது வேறொருவர். ஒருமுறை பெயர் வந்துவிட்டால் மறுக்க வழியில்லை. அதை வாசித்த இரவு, நெல்மூடைகளுக்கு நடுவே நாங்கள் தம்பியை ஒளித்து வைத்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. யாரிடமிருந்து என்று எழுத மாட்டேன். பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட மணலில்தான் அவன் கிடந்தான். அதையும் இதற்குமேல் எழுத மாட்டேன்.

நீங்கள் முடிவை ஏன் மாற்றினீர்கள் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருந்தது. உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதியை அதனால் விட்டுவிட்டேன். மற்றப் பாதி இருக்கிறது.

சின்னம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “கண் மூடியிருந்ததா?” என்று கேட்டார். “நான் மூடிவிட்டேன்” என்றேன். அது உண்மை. என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். சொன்னேன். என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணன் அந்தக் காலத்தில் வாசித்த கதையில் அந்தப் பெரிய பொடியன் திரும்பி வந்தான்தானே, பிள்ளை?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். செத்துப்போனதையும், ஹாரி கொண்டுவந்ததையும், பிறகு தாய் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றதையும் சொன்னேன். அவர்கள் அவனைக் குற்றம் சொல்லவில்லை, பிள்ளையின் உடலைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொன்னார்கள், பரிசுக் காசை அவன் நீட்டியபோதும் வாங்கவில்லை என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குரல் போய்விட்டது. சின்னம்மா என் முகத்தைப் பார்க்காமல், “அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்” என்றார். பிறகு, நீங்கள் அன்று தாண்டிப்போன பக்கங்களை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றார். நான் வாசிக்கட்டுமா என்றேன். வேண்டாம், அவன் வாசிக்கட்டும் என்றார்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போராட்டக் கொட்டகைக்குப் போகிறார். படத்தைக் கொண்டுபோவதில்லை. மற்றத் தாய்மாரோடு இருந்துவிட்டு மாலை பஸ்ஸில் வருகிறார்.

அண்ணா, எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சிய ஒரே புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது. முப்பத்திரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கிக் கடைசிவரை, முப்பத்தேழாம் அத்தியாயம்வரை. ஒரே நாளில் முடியாது. பரவாயில்லை, நாளுக்குக் கொஞ்சமாக வாசியுங்கள். தமிழில் சொல்லுங்கள், முன்பு சொன்னதைப்போல. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, உங்கள் பக்கம் அப்போது காலை, நான் அழைப்பேன். தொலைபேசி சின்னம்மாவின் கையில் இருக்கும்.

தங்கச்சி