எத்தனை மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்கால விடுமுறைக்கு விமானத்தில் வீடு திரும்புபவர்கள் ஏர்போர்ட்டில் எப்படிப் பொழுது போக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலைய மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம், தோஹா ஹமத் விமான நிலையத்தில் 7 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கரடி பொம்மை, இலவச சினிமா, மசாஜ் நாற்காலி என்று படங்களோடு பார்க்க நன்றாகவே இருந்தது. அந்தக் கரடியின் காலடியில் நின்று நானும் போட்டோ எடுத்திருக்கிறேன். ஆனாலும் படித்து முடித்ததும் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். யார் கிறிஸ்துமஸுக்கு டியூட்டி, யார் புத்தாண்டுக்கு டியூட்டி என்று சக ஊழியர்களோடு பேரம் பேசித்தான் எங்களுக்கு டிசம்பர் விடுப்பு கிடைக்கும். அப்படி வாங்கிய விடுப்பில் ஒரு பகுதி விமானத்தில் ஏறும் ஏதாவது ஒரு கேட்டின் முன்னால் கழிந்துவிடுகிறது. அதற்குப் பனிப்பொழிவு காரணமாக இருக்கும், மூடுபனி காரணமாக இருக்கும், எங்கேயோ வேறு ஊரில் சிக்கிக்கொண்ட விமானமும் காரணமாக இருக்கும். இதில் எதன் மீதும் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள் கட்டுரை சொன்ன பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் முதலில் நம் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சாங்கியில் விமானம் மாறுவதற்காகக் காத்திருக்கும் டிரான்சிட் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறார்கள். அடுத்த விமானத்துக்குக் குறைந்தது ஐந்தரை மணி நேரமாவது இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அங்கேயே இருக்கும் ஜுவல் கட்டடத்தின் 40 மீட்டர் அருவி இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமானால் நாட்டுக்குள் நுழைந்து, மறுபடியும் எல்லாச் சோதனையையும் தாண்டித் திரும்ப வேண்டும். (கட்டுரை இதைச் சொல்லவில்லை. விசா இல்லாதவர்கள் ஏமாந்துபோவார்கள்.) எட்டு மணி நேர இடைவெளி என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தால் இதெல்லாம் இன்பம்தான். டிசம்பரில் நம்மில் பலருக்குக் கிடைக்கும் எட்டு மணி நேரம் வேறு மாதிரி. அது இருபது இருபது நிமிடமாக வரும்.

திரையில் முதலில் புதிய நேரம் ஒன்று போடுவார்கள். அந்த நேரம் நெருங்கும்போது அதைத் தூக்கிவிட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும், இதோ கிளம்பிவிடும் என்பதுபோல வரிசை நிற்கும், வரிசை கலையும். போன குளிர்காலத்தில் என் எதிரே ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் விளையாடும் இடம் அதே முனையத்தின் மறுகோடியில், நடந்தால் பத்து நிமிடத் தொலைவில் இருந்தது. அவர் போகவில்லை. போய்த் திரும்புவதற்குள் அழைத்துவிட்டால்? மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளைகள் நாற்காலிக் கைப்பிடிகளில் ஏறி இறங்கி, அழுது, கடைசியில் தரையிலேயே தூங்கிவிட்டார்கள்.

அவருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. உதவிப் பணியாளர் கொண்டுவந்து, சுவரைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. பல விமான நிலையங்கள் சத்தத்தைக் குறைப்பதற்காக ஒலிபெருக்கி அறிவிப்புகளைச் சுருக்கிவிட்டன, காதுக்கு நிம்மதிதான். ஆனால் திரையைப் படிக்க முடியாதவருக்கு அது ஒரே இருட்டு. அந்த அம்மா தண்ணீரே குடிக்கவில்லை என்று பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் விமானத்தை விட்டுவிடுவோம் என்ற பயம். சர்க்கரை நோயாளி வேறு. நான் வேலையில் இருந்தேனா விடுமுறையில் இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அவரைக் கூட்டிப் போய்விட்டு வந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, கால் வீங்கியிருந்ததால் என் பையைக் கீழே வைத்து அதன் மேல் காலைத் தூக்கி வைத்தேன். நாங்கள் திரும்பி வந்தபோதும் விமானம் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கவுன்டரில் இருந்த யாராவது அதை முன்பே சொல்லியிருந்தால் அவர் தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

தாமதம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இறக்கையில் பனி படிந்த விமானத்தில் ஏற எனக்கும் ஆசை இல்லை. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிப்பொழிவுக்கு நடுவே கிளம்பிய ஏர் புளோரிடா விமானம் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இறக்கையில் பனி ஒட்டியிருந்தது. எஞ்சினில் பனி படியாமல் காக்கும் அமைப்பும் போடப்படவில்லை. பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். இன்று ஜன்னல் வழியே பார்த்தால் விமானத்தின் மீது ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாகப் பீய்ச்சுகிறார்களே, அது படிந்த பனியை நீக்க. அதன் மேல் பூசும் பச்சை நிறத் திரவம் கெட்டியானது, மறுபடி பனி படியாமல் காக்க. அதற்கும் ஒரு கெடு உண்டு. ஓடுபாதை வரிசையில் அதிக நேரம் நின்றால் கெடு முடிந்து, திரும்பி வந்து மறுபடியும் அடிக்க வேண்டும். மூடுபனி என்றால் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும், அதனால் ஒரு மணி நேரத்தில் இறங்கும் எண்ணிக்கை குறையும். இதற்கிடையில் பைலட்டும் பணிப்பெண்களும் வேலை செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கும் நேரம் தீர்ந்துபோகும்; மாற்று ஆள் வர வேண்டும்.

எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. நாம் ஏற வேண்டிய விமானம் இன்னும் முந்தைய ஊரிலிருந்தே கிளம்பவில்லை என்றால், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடும் என்று எதை நம்பித் திரையில் போடுகிறார்கள்? பிளைட்ரேடார்24 போன்ற செயலியில் அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். அவர்கள் உடனே எழுந்து சாப்பிடப் போகிறார்கள். ஒரு பயணி செய்யக்கூடியதை விமான நிறுவனம் செய்ய முடியாதா?

அவர்கள் தரப்பு என்னவென்றும் எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் என்று சொன்னால் பயணிகள் நாலாபக்கமும் போய்விடுவார்கள். திடீரென்று ஒரு மணி நேரத்திலேயே புறப்பட அனுமதி கிடைத்தால் யாரைத் தேடிப் பிடிப்பது? சரி, அதிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இதே ஆட்கள் கேட் எண்ணை மட்டும் கடைசி வரை திரையில் போடாமல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதுவரை நாம் வாசனைத் திரவியக் கடைகளுக்கு நடுவே அலையலாம். அப்போது யாரும் சிதறிவிடுவோமே என்று கவலைப்படுவதில்லை.

எங்கள் அவசரப் பிரிவில் காத்திருக்கும் உறவினர்களிடம் நாங்கள் வைத்திருக்கும் பழக்கத்தைச் சொல்கிறேன். "ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கு முன்னால் டாக்டர் எதுவும் சொல்ல மாட்டார். போய்ச் சாப்பிட்டு வாருங்கள், போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்." இவ்வளவுதான். இப்படிச் சொன்னால் பெரும்பாலோர் நிம்மதியாகப் போய்வருவார்கள். "கொஞ்ச நேரம் ஆகும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கவுன்டருக்கு வருவார்கள், குரல் உயரும். நேரம் மாறினால் மாறியது என்று சொல்லிவிடலாம், யாரும் அடிக்க வரப்போவதில்லை. விமான நிறுவனங்களின் கையிலும் நம் எல்லோருடைய போன் நம்பரும் இருக்கிறது. விளம்பரம் அனுப்பத் தவறாத நம்பர்.

சொல்லாமல் விடுவதும் ஒரு குற்றம்தான் என்று அமெரிக்காவில் அரசே முடிவு செய்திருக்கிறது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் கிட்டத்தட்ட 17,000 விமானங்களை ரத்து செய்தது, இருபது லட்சம் பேருக்கு மேல் சிக்கினார்கள். புயல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகத்தான் வந்தது. இவர்களால் மட்டும் விமான ஊழியர்களின் அட்டவணையைச் சீர்செய்ய முடியாமல் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, பட்டியலிட்ட தவறுகளில் விமான நிலவரத்தை உடனுக்குடன் பயணிகளுக்குத் தெரிவிக்காததும் ஒன்று.

விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஐரோப்பாவின் 2004-ஆம் ஆண்டு விதியும் (261 என்று சொன்னால் கவுன்டரில் புரிந்துகொள்வார்கள்) இந்த மணிக்கணக்கோடு தொடர்புடையதுதான். 1,500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரம் தாமதம் என்றால் உணவும் பானமும் தர வேண்டும். 3,500 வரை 3 மணி நேரம், ஐரோப்பாவை விட்டு அதற்கு மேலே போகும் பயணங்களுக்கு 4 மணி நேரம். ராத்திரி தங்க நேர்ந்தால் ஹோட்டலும் அங்கே போய்வர வண்டியும். இருபது நிமிடமாகத் தள்ளிப்போட்டால் இந்த நான்கு மணி நேரம் வந்ததே பலருக்குத் தெரியாமல் போகிறது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வசதியாகத்தான் இருக்கிறது.

"வானிலை காரணம், அதனால் ஒன்றும் தர முடியாது" என்ற பதிலும் அடிக்கடி காதில் விழும். இழப்பீட்டுப் பணத்துக்கு அது பொருந்தும். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பொருந்தாது. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் வான்வெளியே மூடிக்கிடந்த நாட்களுக்குக்கூட, பயணிகளைக் கவனித்துக்கொள்ள வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும்போது எந்த நிறுவனமானாலும் இந்த விதி உண்டு. வெளியிலிருந்து அங்கே திரும்பும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும்தான். டிக்கெட் எடுக்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம்.

அதேபோல, இரண்டு விமானத்துக்கும் ஒரே புக்கிங்காக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் சில நேரம் பணம் குறையும், ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

செவிலியர் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மருந்து மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகவே வையுங்கள். இன்சுலினைச் சரக்கோடு போகும் பெட்டியில் போடவே கூடாது, உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் வீண். கைப்பைத் திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு, மருத்துவர் சீட்டைக் கூடவே வைத்துக்கொண்டால் வாக்குவாதம் மிச்சம். காலி பாட்டிலைச் சோதனை தாண்டி எடுத்துப்போகலாம். பெற்றோருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் ஐரோப்பாவில் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அழைத்துவரும் பணியாளர் கேட்டில் விட்டுப் போகும்போது, திரை தெரியும் பக்கமாக நாற்காலியைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த டிசம்பருக்கு முன்பாவது அந்த ஐரோப்பிய விதியின் மணிக்கணக்கை உங்கள் இணைப்பில் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள், வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு. விமான நிறுவனங்களிடம் ஒரு நிருபரை அனுப்பி, முந்தைய ஊரிலிருந்து விமானம் கிளம்பாத தகவலைத் திரையில் போட என்ன தடை என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடுங்கள். விதிகளை எளிய தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார். நைட் ஷிப்ட் இல்லாத வாரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி