பேட்டீஸ் ஏன் உடைகிறது?

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. வீடு மாற்றிக்கொண்டிருந்தோம். பாத்திரங்களே இப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கின்றன. உன் முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் வருண் இறைச்சியை விட்டுவிட்டான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. தட்டில் காயைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பானே, அவனா! இந்த வைராக்கியம் எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கிறாய். நிற்கிறவரை நிற்கட்டும். அதுவரை அவனுக்கு நல்ல பர்கராகச் செய்து போடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பர்கருக்குள் வைக்கிற காய்கறி பேட்டீஸ் திருப்பும்போது உடைகிறது, பிரட் தூளைக் கொட்டிக் கொட்டிக் கடைசியில் வெறும் மாவைத் தின்பது போல் ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். பிரட் தூள் போதாமல் அது உடையவில்லை, தண்ணீர் கூடிப்போனதால் உடைகிறது. கேரட்டில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான், காளானில் 92. அவற்றைப் பச்சையாகத் துருவிக் கலவையில் போட்டால், உப்பு பட்டதும் நீர் விடும், சூடு பட்டதும் இன்னும் விடும். அந்த நீரைக் குடிக்க நீ தூளைச் சேர்ப்பாய், அது ருசியையும் சேர்த்துக் குடித்துவிடும். எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்குமுன் தண்ணீரை எப்படி வெளியேற்றலாம் என்று யோசி.

துருவிய காயில் உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வைத்துவிட்டு, மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழி. கிண்ணத்தில் சேருகிற நீரைப் பார்த்தால் நீயே அசந்துபோவாய். ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும், அதனால் அப்புறம் ருசி பார்க்காமல் உப்பு போடாதே. காளானைப் பிழிய வேண்டாம். பொடியாக நறுக்கி, அகன்ற கடாயில் எண்ணெய் விடாமல் வதக்கு. முதலில் நீர் விட்டுச் சளசளவென்று இருக்கும். அது முழுக்க வற்றி, துண்டுகள் சுருங்கி, கடாயில் சுர்ரென்று சத்தம் மாறும். அதற்குப் பிறகு எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துச் சிவக்க விடு. கூடவே ஒரு ஸ்பூன் தக்காளி விழுதைப் போட்டு நிறம் கறுக்கும்வரை கிளறி, கொஞ்சம் சோயா சாஸ் விட்டு இறக்கு. இறைச்சி இல்லாத குறை தெரியாமல் செய்வது இந்தக் கலவைதான். மசாலாத் தூளை அள்ளிப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது பயறு. கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ, வேகவைத்து வடித்ததைத் தட்டில் பரப்பி, மிதமான சூட்டில் ஓவனில் கால் மணி நேரம் வை. தோல் அங்கங்கே வெடித்து, தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதே, விழுதாகிவிடும். முள்கரண்டியால் மசி. மூன்றில் ஒரு பங்கு முழுசாகவும் அரைகுறையாகவும் கிடக்கட்டும், கடிக்கும்போது பல்லுக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டாமா? உருளைக்கிழங்கும் அப்படித்தான், மிக்ஸி பட்டால் பசையாகிவிடும்.

ராஜ்மாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வேகாத ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் நஞ்சு ஒன்று உண்டு. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க விடு, பிறகு மெதுவாக வேகட்டும். குறைந்த சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் அந்த நஞ்சு போகாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இவ்வளவும் செய்த பிறகு கலவை ஒட்டிப் பிடிக்கச் சேர்ப்பது கொஞ்சம் போதும். வருண் முட்டை சாப்பிடுகிறானா என்று நீ எழுதவில்லை. சாப்பிட்டால் ஒரு முட்டை, இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவை, வழவழவென்று முட்டை மாதிரியே ஆகிவிடும். ஓட்ஸில் பாதியைப் பொடித்துச் சேர்க்கலாம். கடலைமாவு என்றால் வாசம் வரும்வரை வறுத்துக்கொள், இல்லாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். எதைச் சேர்த்தாலும் கால் மணி நேரம் அப்படியே விடு. ஈரத்தை அது இழுத்துக்கொண்ட பிறகுதான் உண்மையான பதம் தெரியும். பொடித்த முந்திரியோ வால்நட்டோ ஒரு கைப்பிடி போடு. காயில் கொழுப்பு கிடையாது, அதனால்தான் பல வீட்டுப் பேட்டீஸ் உள்ளே வறண்டுபோகிறது.

தட்டும்போது பன் அளவுக்கே தட்டு. இறைச்சி பேட்டீஸ் வேகும்போது சுருங்கும் என்பதால் பெரிதாகத் தட்டுவார்கள், நம்முடையது அப்படிச் சுருங்காது. இரண்டு சென்டிமீட்டர் தடிமன் தாண்டினால் நடுவில் சூடு ஏறுமுன் வெளியே கருகும். ஓரத்தில் விரிசல் தெரிந்தால் ஈர விரலால் தடவி மூடு, உடைவது அங்கேதான் ஆரம்பிக்கும். பிறகு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். முதலில் நெல்லிக்காய் அளவு ஒன்றைப் பொரித்துப் பார்த்துவிடு, உப்பும் பதமும் இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும்.

கடாய் நன்றாகக் காயட்டும், எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம், தீ மிதமாக இருக்கட்டும். மேல்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. 140-ஐத் தொட்டால்தான் நன்றாகச் சிவக்கும். நாலைந்து நிமிடம் அதைத் தொடாதே. அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் தானாகவே கடாயை விடும். அதற்கு முன் நோண்டினால் உடையத்தான் செய்யும். ஒரே ஒரு தடவை திருப்பு.

கடையில் வாங்குவது மட்டும் எப்படி உடையாமல் இருக்கிறது என்று கேட்டாயே. பலவற்றில் மெத்தில்செல்லுலோஸ் என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஜெலட்டின் போன்றவை ஆறினால் இறுகும், இது சூடு பட்டால் இறுகி, ஆறினால் தளரும். கடாயில் கெட்டியாக நிற்பது அதனால்தான். அதோடு போட்டி போட்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?

மிஞ்சினால் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி ஃப்ரீசரில் போடு. எடுத்ததும் உருகவிடாமல் அப்படியே கடாயில் வை, உருகினால் மறுபடி நீர் விடும். பன் செய்வது பற்றியும் கேட்டிருக்கிறாய். எனக்கு அதில் பொறுமை கிடையாது, வாங்கிவிடு. உள்பக்கத்தை மட்டும் வாட்டிக்கொள், சாஸ் ஊறிச் சொதசொதக்காது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். வருணுக்கு முட்டை உண்டா இல்லையா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. முட்டை இல்லாமல் மயோனைஸ் செய்ய ஒரு வழி கையில் இருக்கிறது, தேவைப்பட்டால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாலா