தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தொடு உணர்வு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அழுத்தத்தை உணரும் பீசோ புரதங்களைப் பற்றியும், அவற்றைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியன் 2021இல் டேவிட் ஜூலியஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது பற்றியும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரை தோலோடு நின்றுவிட்டது. படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்ளும் செவிலியர் நான். அதற்கப்புறம் மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

பொதுவாக யாராலும் தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. தன் கை என்ன செய்யப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடுகையின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. சாரா ஜெய்ன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் 1998இல் இதை மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். சிறுமூளைக்கு இதில் பங்கு உண்டு. தொடுவது யார் என்ற நினைப்பும் உணர்வை மாற்றுகிறது. 2012இல் வலேரியா கட்சோலா குழு செய்த ஆய்வில் ஆண்களின் காலை வருடியது எப்போதும் ஒரே பெண்தான். ஆனால் வருடுவது ஆண் என்று நம்பியபோதும் பெண் என்று நம்பியபோதும், தொடுகையை முதலில் வாங்கும் மூளைப் பகுதியே வேறுவேறு விதமாக இயங்கியது.

இப்போது காது சரியாகக் கேட்காத, பார்வை மங்கிய ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். யாரோ பின்பக்கமாக வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், கையுறை போட்ட கையால் புரட்டிப் போடுகிறார்கள். அப்படி ஒருவர் என் பொறுப்பில் இருந்தார். கை ஓங்குவார் என்பதால் அவருடைய குறிப்பேட்டில் "ஒத்துழைக்க மாட்டார்" என்றே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே போய், காதருகே என் பெயரைச் சொல்லி, தோளில் கை வைத்துச் சற்றுப் பொறுத்து, அப்புறம்தான் புரட்டினேன். நாளாக ஆக அவர் திடுக்கிடுவது வெகுவாகக் குறைந்தது. ஆய்வு சொல்வதும் என் அனுபவமும் இந்த இடத்தில் ஒத்துப்போவதாகவே நினைக்கிறேன்.

இன்னொன்று, வேகம். முடியுள்ள தோலில் மெதுவாகச் செய்தி கொண்டுபோகும் ஒருவகை நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடினால்தான் அவை நன்றாக இயங்கும். ஹோக்கன் ஓலாசன் குழு 2002இல் ஒரு பெண்ணை ஆராய்ந்தது. நோயால் வேகமான தொடு நரம்புகளை இழந்தவர் அவர். ஆனாலும் முன்கையைத் தூரிகையால் மெல்ல வருடியபோது, மங்கலாக ஓர் இதத்தை உணர்ந்தார். உள்ளங்கையில் இந்த இழைகள் மிகக் குறைவு. பார்க்க வரும் பிள்ளைகள் அவசரமாக உள்ளங்கையைத் தட்டிக் கொடுக்கும்போது, "முன்கையை மெதுவாகத் தடவுங்கள்" என்று சொல்வேன். சிலருக்கு அதுவும் பிடிக்காது. கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

பராமரிப்புப் பயிற்சியில் நோயாளியைப் புரட்டவும் துடைக்கவும் சொல்லித் தருகிறார்கள். சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்பதையும், ஏன் என்பதையும் அதே அளவு அக்கறையோடு சொல்லித் தர வேண்டும். இதைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வீட்டிலேயே பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புச் செவிலியர் ஒருவர்