ப்ராக்ஸியால் பொய் சொல்ல முடியாத இடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஓர் ஆப்ஜெக்டின் (பெயரிட்ட தரவுகளின் தொகுப்பு) முன் நின்று, அதைப் படிப்பதையும் எழுதுவதையும் இடைமறிக்கும் ப்ராக்ஸி பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, புதியவருக்கும் புரியும்படி எளிமையாக இருந்தது. ஆனால் ப்ராக்ஸி கையில் இருந்தால் ஓர் ஆப்ஜெக்டை எப்படி வேண்டுமானாலும் பதில் சொல்ல வைக்கலாம் என்ற தொனியில் அது முடிந்திருக்கிறது. அதை நம்பி நிரல் எழுத உட்காரும் மாணவர், சீக்கிரமே டைப்எரர் என்ற பிழையில் முட்டி நிற்பார். மொழியில் ஏதோ கோளாறு என்றும் நினைத்துக்கொள்வார். ப்ராக்ஸியின் பாதுகாப்பே அந்த எரரில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி விடுபட்டதால் இதை எழுதுகிறேன்.

ப்ராக்ஸிக்குத் தேவையானவை இரண்டு. பின்னால் இருக்கும் உண்மையான ஆப்ஜெக்ட் டார்கெட். இடைமறிக்கும் ஃபங்ஷன்களைத் தாங்கும் ஆப்ஜெக்ட் ஹேண்ட்லர். அந்த ஃபங்ஷன்களுக்கு ட்ராப் என்று பெயர். ப்ராப்பர்ட்டியை, அதாவது ஆப்ஜெக்டில் பெயரிட்டு வைத்த மதிப்பைப் படித்தால் கெட் ஓடும், எழுதினால் செட் ஓடும். எழுதாமல் விட்ட ட்ராப்பின் வேலை நேராக டார்கெட்டுக்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின், 2015 ஜூனில் வெளியான 6ஆம் பதிப்பில் 14 ட்ராப்கள் இருந்தன. அடுத்த ஆண்டே எனுமரேட் என்ற ட்ராப் நீக்கப்பட்டு, இன்று 13 உள்ளன.

தொடக்கத்தில் டார்கெட் என்ற ஒன்றே கிடையாது. டாம் வான் கட்செம், மார்க் மில்லர் ஆகிய கணினி ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் முன்வைத்த வடிவமைப்பில் ஹேண்ட்லர் மட்டும்தான். இந்த ப்ராப்பர்ட்டி இனி மாறாது என்று ஹேண்ட்லர் சொன்னால், அது மெய்யா என்று பார்க்க, நிரலை ஓட்டும் எஞ்சினிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதனால் அப்படிச் சொல்லவே ப்ராக்ஸிக்கு அனுமதி மறுத்தார்கள். யாராவது ஃப்ரீஸ் செய்தால், அதாவது இனி மாற்ற முடியாதபடி பூட்டினால், ஃபிக்ஸ் என்ற ட்ராப் ஓடி, ப்ராக்ஸி சாதாரண ஆப்ஜெக்டாக மாறிவிடும். ஹேண்ட்லர் அதோடு கழன்றுகொள்ளும். பிறகு வந்த டைரக்ட் ப்ராக்ஸி வடிவமைப்பில்தான் டார்கெட் சேர்ந்தது. ஹேண்ட்லர் என்ன சொன்னாலும் டார்கெட் சாட்சியாக நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எஞ்சின் எரர் எறிகிறது. எந்தெந்த இடத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதைச் சொல்வதே தரநிலையில் உள்ள மாறா விதிகள், அதாவது இன்வேரியன்ட்கள்.

ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். வெளியிலிருந்து வரும் ஒரு ப்ளக்இன், கட்டணம் என்ற ப்ராப்பர்ட்டி உள்ள ஆப்ஜெக்டைத் தருகிறது. நம் நிரல் முதலில் அது ஃப்ரீஸ் ஆனதா என்று இஸ்ஃப்ரோஸன் மூலம் பார்க்கிறது. அடுத்து கட்டணம் 500க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு அதே ப்ராப்பர்ட்டியை மறுபடி படித்துப் பணம் செலுத்தும் பகுதிக்கு அனுப்புகிறது. வந்தது ப்ராக்ஸியாக இருந்து, முதல் முறை 500 என்றும் இரண்டாம் முறை 5000 என்றும் கெட் ட்ராப் சொன்னால்? ட்ராப் 5000ஐத் திருப்பிய பிறகு, எஞ்சின் டார்கெட்டில் அந்த ப்ராப்பர்ட்டியின் டிஸ்கிரிப்டரை, அதாவது அதன் மதிப்பும் அனுமதிகளும் அடங்கிய குறிப்பை, எடுத்துப் பார்க்கும். அங்கே ரைட்டபிள் (மதிப்பை மாற்றலாமா), கான்ஃபிகரபிள் (ப்ராப்பர்ட்டியை நீக்கவோ மறுவரையறுக்கவோ முடியுமா) இரண்டும் ஃபால்ஸ் என்றால், டார்கெட்டில் உள்ள மதிப்பும் ட்ராப் தந்த மதிப்பும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் டைப்எரர், 5000 நம் நிரலின் கைக்கு வந்தே சேராது. இந்தச் சோதனையை ஹேண்ட்லரால் தவிர்க்க முடியாது, ஏனென்றால் இது ட்ராப் ஓடி முடிந்தபின் எஞ்சினுக்குள் நடப்பது.

இஸ்ஃப்ரோஸன் சொன்னதையே ஏன் நம்பலாம்? அது மூன்று ட்ராப்களைக் கடந்து வருகிறது. புதிய ப்ராப்பர்ட்டி சேர்க்க முடியுமா என்பதற்கு இஸ்எக்ஸ்டென்சிபிள் தரும் பதில் டார்கெட்டின் நிலையோடு அப்படியே பொருந்த வேண்டும். டார்கெட்டில் இனி எதையும் சேர்க்க முடியாது என்றால், ஓன்கீஸ் தரும் பட்டியல் டார்கெட்டின் கீகளோடு, அதாவது ப்ராப்பர்ட்டி பெயர்களோடு, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் இருக்க வேண்டும். டார்கெட்டில் கான்ஃபிகரபிள் ஃபால்ஸாக இல்லாத ஒன்றை அப்படி இருப்பதாக டிஸ்கிரிப்டர் ட்ராப் காட்டக் கூடாது. இவ்வளவு கவனமாகக் கட்டியும் 2015 பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. டார்கெட்டில் கான்ஃபிகரபிள் ஃபால்ஸ், ஆனால் ரைட்டபிள் ட்ரூ என்று வைத்துக்கொண்டு, ட்ராப் மட்டும் ரைட்டபிள் ஃபால்ஸ் என்று சொல்லிவிடலாம். ஃப்ரீஸ் ஆனதாகத் தெரியும், மதிப்போ மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த பதிப்பில் அதற்கும் ஒரு சோதனையைச் சேர்த்து அடைத்தார்கள். ஒரே ஒரு விதி விடுபட்டாலும் மற்ற விதிகள் தரும் உறுதி எப்படிக் கசிகிறது என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விதியை அறியாமல் எழுதும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஓன்கீஸ் ட்ராப்பில் இரண்டு பெயரைத் திருப்பிவிட்டு, பெயர்களைப் பட்டியலிடும் ஆப்ஜெக்ட்.கீஸ் போட்டால் காலிப் பட்டியல் வரும்; அது ஒவ்வொரு பெயருக்கும் டிஸ்கிரிப்டரைக் கேட்கிறது, டார்கெட்டிலோ அந்தப் பெயர்கள் இல்லை. சரி என்று டிஸ்கிரிப்டர் ட்ராப்பையும் எழுதி, மதிப்பையும் எனுமரபிள் ட்ரூ (பட்டியலில் காட்டலாம்) என்பதையும் மட்டும் தந்தால் டைப்எரர். கான்ஃபிகரபிள் என்பதைக் குறிப்பிடாவிட்டால் ஃபால்ஸ் என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்பதுதான் காரணம். கான்ஃபிகரபிள் ட்ரூ என்று எழுதினால் தீர்ந்தது. செட் ட்ராப்பின் முடிவில் ரிட்டர்ன் ட்ரூ மறந்துபோனால், ஸ்ட்ரிக்ட் மோட் என்ற கண்டிப்பான முறையில் மதிப்பு எழுதப்பட்ட பிறகும் டைப்எரர் வரும். எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு ஃபங்ஷனைத் தரும் ப்ராக்ஸியை அவெய்ட் செய்தால், அதாவது அதன் முடிவுக்காகக் காத்திருக்கச் சொன்னால், நிரல் அப்படியே உறைந்து நிற்கும்: அவெய்ட் முதலில் தென் என்ற ப்ராப்பர்ட்டியைத்தான் தேடும், கிடைத்த ஃபங்ஷனை அழைத்துவிட்டுக் காத்திருக்கும், அந்தப் போலி ஃபங்ஷன், முடிந்தது என்று சொல்லும் ரிசால்வை அழைக்கவே அழைக்காது. தென் என்ற பெயருக்கு அன்டிஃபைன்ட் திருப்புங்கள்.

கெட் ட்ராப்புக்குள் டார்கெட்டை நேராகப் படிப்பதும் அப்படி ஒரு தவறுதான். டார்கெட்டில் கெட்டர் (ப்ராப்பர்ட்டியைப் படிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) இருந்தால், அதற்குள் திஸ், அதாவது அது எந்த ஆப்ஜெக்டின் மேல் ஓடுகிறதோ அது, டார்கெட்டாகிவிடும். கெட்டர் உள்ளே படிப்பவை எதுவும் ப்ராக்ஸிக்குத் தெரியாது. ரிசீவரையும் (படிக்கப்பட்ட ப்ராக்ஸியையும்) சேர்த்து, ட்ராப்பின் இயல்பான வேலையைச் செய்யும் ரிஃப்ளெக்ட்.கெட்டுக்கு மூன்று ஆர்க்யுமென்ட் கொடுப்பதே முறை. 13 ட்ராப்களுக்கும் அதே பெயரில் ரிஃப்ளெக்ட் ஃபங்ஷன்கள் இருப்பது இதற்காகத்தான்.

கட்டுரை பரிந்துரைத்த ஆழமான உறையிடல், அதாவது உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டையும் ப்ராக்ஸியாக்கித் திருப்புவது, ஃப்ரீஸ் ஆன டார்கெட்டில் வேலை செய்யாது. டார்கெட்டில் இருப்பது மூல ஆப்ஜெக்ட், ட்ராப் தருவது அதன் ப்ராக்ஸி. எஞ்சினுக்கு இரண்டும் வேறு வேறு. இதற்கு வழி நிழல் டார்கெட். ஒரு காலி ஆப்ஜெக்டை டார்கெட்டாகக் கொடுத்து, உண்மையானதை வீக்மேப் என்ற தனி அட்டவணையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது ப்ராக்ஸியை ஃப்ரீஸ் செய்ய வந்தால், புதிதாகச் சேர்ப்பதைத் தடுக்கும்போது ஓடும் ப்ரிவென்ட்எக்ஸ்டென்ஷன்ஸ் ட்ராப்பில் எல்லா ப்ராப்பர்ட்டிகளையும் உறையிட்டு நிழலில் பதித்து, நிழலையும் பூட்டிய பிறகே ட்ரூ திருப்ப வேண்டும். வரிசை மாறினால் விரிவாக்க முடியாத நிழலில் எதையும் பதிக்க முடியாது. கொஞ்சம் கனமான வேலைதான். ஆனால் நம்பகமில்லாத நிரலுக்கும் நம் நிரலுக்கும் இடையே சுவர் எழுப்ப நான் பரிந்துரைக்கும் முறை இது. அந்தச் சுவரை ஒரே அடியாக மூட வேண்டுமென்றால் ப்ராக்ஸி.ரிவோக்கபிள் பயன்படுத்தலாம், ரிவோக் அழைத்தபின் அந்த ப்ராக்ஸியைப் படித்தாலும் எழுதினாலும் டைப்எரர்தான்.

ப்ராக்ஸி காக்காத இடங்களையும் சொல்லியாக வேண்டும். டார்கெட்டின் ரெஃபரன்ஸ் ஒரு முறை வெளியே போய்விட்டால் ஹேண்ட்லரில் எழுதியது அத்தனையும் வீண். மேப், செட் (ட்ராப் அல்ல, தொகுப்பு வகை), டேட் ஆகிய உள்ளமைந்த ஆப்ஜெக்ட்களைக் காலி ஹேண்ட்லரோடு உறையிட்டாலே அவற்றின் மெத்தட்கள் டைப்எரர் தரும், ஏனென்றால் அவை தேடும் உள் இடங்கள் ப்ராக்ஸியில் கிடையாது; கிளாஸின் பிரைவேட் ஃபீல்டுகளும் அப்படியே. மெத்தடை டார்கெட்டோடு பைண்ட் செய்தால், அதாவது திஸ் டார்கெட்டாகவே இருக்கும்படி கட்டினால், எரர் போகும். ஆனால் அந்த மெத்தட் உள்ளே செய்யும் மாற்றங்கள் இனி எந்த ட்ராப்பையும் தொடாது. திஸ்ஸைத் திருப்பும் மெத்தடாக இருந்தால் டார்கெட்டே வெளியே வந்துவிடும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். அதில் 13 ட்ராப்களையும், ஒவ்வொன்றும் டார்கெட்டோடு எங்கே ஒத்துப்போக வேண்டும் என்பதையும் அட்டவணையாகப் போடுங்கள். ஃபங்ஷனை அழைக்கும்போது ஓடும் அப்ளை, நியூ போட்டு உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்ட் இரண்டுக்கும் மட்டும் டார்கெட்டோடு ஒப்பிடும் கட்டம் காலியாக இருக்கும். டார்கெட் அழைக்கக்கூடியதாக இருந்தால் அப்ளையின் பதிலுக்குத் தரநிலை எந்த விதியும் வைக்கவில்லை. கன்ஸ்ட்ரக்ட் ஏதாவது ஓர் ஆப்ஜெக்டைத் திருப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஜாவாஸ்கிரிப்ட் கற்பிக்கும் வாசகர்,
கோயம்புத்தூர்